ஒரு முகவரிக்கு இரண்டு பிரதி

ஜூன் 2, திங்கள்

விடியும் முன்பே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. அம்மாவுக்கு இன்று பேர் விழாது, நாள் சம்பளம் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து பழைய சேலையைக் கிழித்துக் கால்துடைப்பான் தைக்கிறாள்.

செய்ய வேண்டியவை:
தோரணம் உதவிப் பக்கம், ‘எழுத்தை நகர்த்துவது’ பகுதி.
ஆசிரியர் விண்ணப்பம். போட்டோக் கொப்பி.
அம்மாவின் கை வெடிப்புக்கு மருந்து.
டேட்டா.

ஒன்றும் செய்யவில்லை. ராணி அக்கா மாவு சலிக்கச் சல்லடை வாங்க வந்தார். எங்கள் லயத்திலேயே பக்கத்துக் காம்பரா, நடுவில் ஒரே சுவர்.

“ஏன் புள்ள, கெம்பஸெல்லாம் முடிச்சிட்டு சும்மா கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கியே, என்னா வேல அது?”

“தோரணம்னு ஒரு சாப்ட்வேர் அக்கா. கல்யாண வீடியோவுல பொண்ணு மாப்புள பேரு தமிழ்ல பூ விரியிற மாதிரி விழுமே, அது.”

“அது நம்ம செல்வம் செய்றதுல்ல?”

“செல்வம் அண்ணன் வாங்கிப் பாவிக்கிறாரு. உண்டாக்குனது வவுனியாவுல ஒருத்தரு. பாவிக்கிறவங்களுக்கு ஒரு குழு இருக்கு, அத பாத்துக்கிறதுல நானும் ஒரு ஆளு.”

“சம்பளம்?”

“இல்ல.”

“அப்ப சும்மாதான்.”

சல்லடையோடு போய்விட்டார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழுவை நடத்துவது மூன்று பேர். தோரணத்தைச் செய்த குகன் அண்ணா, மதுரையில் இருக்கும் பாலா, நான். அங்கே என் பெயர் நத்தை. இருவருக்கும் நான் ஆண். ‘நத்தை தம்பி’, ‘நத்தை ப்ரோ’. முதல் நாள் திருத்தவில்லை, பிறகு திருத்த இடமே வரவில்லை. ஊர் என்ற கட்டத்தில் கேகாலை என்று மட்டும் போட்டிருக்கிறேன். குகன் அண்ணா ஒரு முறை “டவுனோ?” என்று கேட்டார். ஒரு சிரிப்பு முகம் அனுப்பினேன்.

ஜூன் 3, செவ்வாய்

மழை விட்டு விட்டு. அட்டை ஒன்று கணுக்காலில். எப்போது ஏறியது என்றே தெரியவில்லை.

பாலா படம் பிடித்து அனுப்பினார். தோரணத்தின் கள்ளப் பிரதி. யாரோ பூட்டை உடைத்து ஒரு சேனலில் சும்மா கொடுக்கிறார்கள். எங்கள் குழுவில் இருப்பவர்களை விட அந்தச் சேனலில் ஆட்கள் அதிகம்.

குகன் அண்ணா எழுதினார்: “நான் கோவிக்கேல்ல. களைச்சுப் போனன். பகல் வேலை முடிஞ்சு வந்துதான் இதைச் செய்யிறனான். இன்னொருக்கா இப்பிடி நடந்தா மூடிப்போட்டு நித்திரை கொள்ளப்போறன்.”

நாள் முழுக்கப் பேச்சு. வந்த யோசனைகள்:
விலையைக் குறைப்பது.
பழைய பதிப்பைச் சும்மா விட்டுவிட்டுப் புதியதை மட்டும் விற்பது.
கள்ளப் பிரதியில் எழுத்துத் தலைகீழாக விழும்படி செய்வது (இதற்கு நிறையச் சிரிப்பு).
யாரையும் எதுவும் கேட்காமல் அப்படியே விடுவது.
பெயரை வெளியிடுவது.

கடைசியானது பாலாவுடையது. “பேரைப் போட்டு நாறடிக்கணும் பாஸ். ரெண்டு பேரை நாறடிச்சா மத்தவன் அடங்குவான்.”

அவரே விதியும் எழுதினார். ஒரு முகவரிக்கு இரண்டு பிரதி. அதற்கு மேல் போனால் வாங்கி விற்கிறான் என்று அர்த்தம். மூன்று நடத்துநரில் ஒருவர் உறுதி என்று அமுக்கினால் உரிமம் நிற்கும், பெயரும் ஊரும் அறிவிப்புப் பலகையில் ஏறும். பலகைக்கு வாசகம் நான் எழுத வேண்டும். ‘நத்தை ப்ரோ தமிழ் சுத்தமா இருக்கும்.’

எழுதினேன். “உரிம நிபந்தனைகளை மீறிப் பிரதிகளை விநியோகித்தவர்கள்.” திரையில் விழும் அறிவிப்பையும் எழுதினேன்.

சரிதானா என்று கேட்டு குகன் அண்ணா ஒரு கட்டைவிரல் போட்டார், பாலா போட்டார், நானும் போட்டேன். போடும்போது ஏதோ ஒன்று இடித்தது. என்ன என்று பார்க்கவில்லை. அரிசி களைய வேண்டியிருந்தது.

இதைப் பற்றி எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறதா? என் லேப்டாப்பில் இருப்பது எல்லாமே கேகாலையில் கம்யூனிகேஷன் கடையில் போட்டது. கெம்பஸில் எல்லோரும் அப்படித்தான். எது அசல், எது கள்ளம் என்று யாரும் கேட்டதில்லை. தோரணம் ஒன்றுதான் அசல். அதுவும் உதவிப் பக்கம் எழுதியதற்காகக் குகன் அண்ணா கொடுத்தது.

ஜூன் 4, புதன்

மழை இல்லை. அம்மா இருட்டோடு மலைக்குப் போனாள். பத்து மணிக்குப் பிறகு திரும்ப இருண்டது. வாளியில் பாதிப் பாலோடு வந்தாள். அரைப்பேர்.

பாலா பட்டியலைச் சோதித்திருக்கிறார். “முதல் மீன் மாட்டிக்கிச்சு. ஒரே அட்ரஸ், அஞ்சு பிரதி. அஞ்சுக்கும் காசு போனது ஒரே அக்கவுண்ட்ல இருந்து. நத்தை ப்ரோ, உங்க ஊர்ப் பக்கம்தான். நீங்களே அமுக்குங்க.”

திறந்தேன். சு. செல்வம். கீழ்ப்பிரிவு, தோட்டத்தின் பெயர், கேகாலை.

என் முகவரி.

எங்கள் எல்லோருடைய முகவரியும் அதுதான். வீட்டுக்கு இலக்கம் கிடையாது, வீதிக்குப் பெயர் கிடையாது. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீஸுக்கு வரும், பால் நிறுக்கும் இடத்தில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், கூப்பிட மறந்தால் கிடக்கும். என் கெம்பஸ் கடிதமும் அப்படித்தான் கிடந்தது.

செல்வம் அண்ணன் இதே பிரிவில் மேல் லயத்தில் இருக்கிறார். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, திருவிழா எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். அவரோடு வேலை செய்யும் நான்கு பேர். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு பிரதி. போனில் காசு அனுப்பத் தெரிந்தவர் அண்ணன் மட்டும். இங்கே எதை வாங்கினாலும் அப்படித்தான். ஒருவர் எல்லோருக்குமாகப் பணம் கட்டுவார். அண்ணன் நான்கு பேரிடமும் வாங்கித் தன்னுடையதையும் சேர்த்து ஐந்து பிரதிக்கும் கட்டியிருக்கிறார். ஒன்றும் திருடவில்லை.

இது எல்லாம் எனக்குத் தெரியும். பாலாவுக்குத் தெரியாது.

அமுக்கினேன்.

ஏன் என்று எழுத உட்கார்ந்தேன். அமுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். இந்த முகவரியில் நானும் இருக்கிறேன், லயத்தில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்வதை விட விரலை வைப்பது லேசாக இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

பருப்பு அடிப்பிடித்தது. அம்மா சட்டியை ஊற வைத்தாள்.

ஜூன் 5, வியாழன்

மதியத்துக்குப் பிறகு செல்வம் அண்ணன் வந்தார். லேப்டாப்பை உரப்பையில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் வைத்து.

“தங்கச்சி, படிச்ச புள்ள நீ, இத கொஞ்சம் பாரு. ஞாயித்துக்கெழம அரநாயக்கவுல கல்யாணம். மண்டபத்துல பேரு ஓடணும்னு கேட்டிருக்காங்க. தொறந்தா இப்புடி நிக்கிது.”

திரையில் என் வாக்கியம்.

அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். “‘நிபந்தனைகளுக்கு முரணான பயன்பாடு கண்டறியப்பட்டமையால் தங்கள் உரிமம் இடைநிறுத்தப்பட்டுள்ளது.’ என்னா புள்ள இது? ஆபீஸ்ல ஒட்டுவாங்களே, அந்த நோட்டீஸு மாதிரி இருக்கு. என்னா சொல்றான்?”

“நிப்பாட்டியிருக்காங்க அண்ணே.”

“அது தெரியிது. ஏன்?”

“ஒரே அட்ரஸ்ல அஞ்சு பேரு இருக்கீங்களாம்.”

“அஞ்சு பேரா? இந்த அட்ரஸ்ல எரநூறு குடும்பம் இருக்கு!” சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் போனை எடுத்துக் காட்டினார். அறிவிப்புப் பலகை. அவர் பெயர், ஊர், மேலே நான் எழுதிய தலைப்பு. “இத அரநாயக்க மாப்புள வீட்டுல யாரோ பாத்துட்டு போன் பண்ணுனாங்க. ‘செல்வம், ஒங்கள கள்ளன்னு போட்டிருக்காமே’ன்னு. வெளையாட்டாத்தான் கேட்டாங்க. ஆனா கேட்டுட்டாங்கல்ல.”

“பாக்குறேன் அண்ணே.”

“பாரு. ஒனக்குத்தான் வெளங்கும்.”

போகும்போது அம்மாவுக்குக் கொய்யாப்பழம் நாலு கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூன் 6, வெள்ளி

காலை பஸ்ஸில் கேகாலை. நிற்கத்தான் இடம். பஸ்ஸில் இருந்தே போனில் குழுவின் நடத்துநர் பக்கத்தைத் திறந்து ‘தடையை நீக்கு’ அமுக்கினேன். நீக்க இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும் என்று வந்தது. இதுவும் நாங்கள் மூவரும் கட்டைவிரல் போட்ட விதி.

பாலா உடனே: “என்னாச்சு ப்ரோ? தெரிஞ்சவரா?”

“அவர் திருடர் இல்லை என்று நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா, தெரியுமா? ஆதாரம் குடுங்க, எடுத்துரலாம். எனக்கு அந்தாளு மேல என்ன கோபம்?”

நியாயமான கேள்வி. போனைப் பைக்குள் வைத்தேன்.

போட்டோக் கொப்பிக்கு ரிஸ்வான் நானாவின் கடை. கெம்பஸுக்கு விண்ணப்பம் போட்ட காலத்திலிருந்து அங்கேதான். நாளை ஹஜ்ஜுப் பெருநாள், அதனால் கடைக்குள் நெரிசல். கண்ணாடி உடைந்த போனைத் திருத்தக் கொடுத்திருந்த ஒரு பெரியவர் “முதலாளி, போன் எக ஹரித?” என்று சிங்களத்தில் கேட்டார், போன் சரியா என்று. “ஹரி ஹரி, ஹவச என்ன” என்று அவரைப் பின்னேரம் வரச் சொல்லிக்கொண்டே நானா என் சான்றிதழ்களை வாங்கினார்.

“என்ன மகள், இன்னும் வேல வரல்லியா?”

“இல்ல நானா.”

“வரும் வரும். லெப்டொப்புல தோரணம் போட்டுத் தரவா? புது வர்ஷன் ஈக்கி. பேர் கேக்காது, அட்ரஸ் கேக்காது, ஒண்ணுமே கேக்காது.”

“அது களவுல்ல நானா.”

“களவா? ஒரு சட்டிக் கறிய நான் எடுத்தா சட்டி காலியாவும். இத எடுத்தா அவர்ட சட்டியில என்ன கொறயிது?” தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “செஞ்ச ஆள் பாவம்தான். தெரியும். ஆனா இங்க வர்றவங்கள்ல பேங்க் காட் உள்ளவன் ஆரு மகள்? காசு குடுக்க ஆசப்பட்டாலும் குடுக்கிறதுக்கு வழி தெரியாதே.”

கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. பெருநாள் என்றார். கடையின் உள்பக்கம், திரையின் பின்னால், யாரோ ஒருவர் லேப்டாப்போடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உரப்பை. மழைக்கோட்டு.

கூப்பிடவில்லை. அவரும் திரும்பவில்லை.

மருந்து வாங்க மறந்து போனது.

ஜூன் 8, ஞாயிறு

அரநாயக்கப் பக்கம் போகும் வேன் காலையில் கோயிலடியில் நின்றது. அண்ணன் குடையை லைட்டுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் சத்தமாகக் கேலி: “டேய், மொதல்ல கள்ளன் ஏறட்டும்டா!” “கள்ளன் முன் சீட்டு!” அவரும் சிரித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார்.

நான் குழாயடியில் குடத்தோடு. குடம் நிறைந்து வழிந்தது பிறகுதான் தெரிந்தது.

நேற்று முழுக்க ஒரு செய்தி எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன். ‘இந்தப் பகுதியின் முகவரி முறை குறித்து’ என்று தொடங்கியது ஒன்று. ‘எனக்குத் தெரிந்த ஒருவர் கூறியதன்படி’ என்று ஒன்று. எல்லாவற்றிலும் நான் எங்கோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா கேட்டாள், “என்னா புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா.”

உண்மையில் ஒன்றுமில்லை. அழுகை வந்தாலாவது எழுதலாம்.

ஜூன் 9, திங்கள்

அனுப்பிவிட்டேன். அனுப்பியதை இங்கே பிரதி பண்ணி வைக்கிறேன்:

“செல்வம் அண்ணனின் முகவரிதான் என் முகவரியும். நான் அந்தத் தோட்டத்தில் லயத்தில் இருக்கிறேன். இங்கே வீட்டு இலக்கம் இல்லை. இருநூறு குடும்பத்துக்கு ஒரே முகவரி. ஐந்து பேர் ஐந்து பிரதிக்கும் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், ஒருவர் மூலம் கட்டினார்கள். இது எனக்கு அமுக்கும்போதே தெரியும். என் பெயர் யோகேஸ்வரி.”

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். துணி காயப் போட்டேன். மழை வந்தது, எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய். பொசொன் போயா

வெயில். பௌத்தர்களின் பௌர்ணமி நாள். கீழே வீதியில் தன்சல், வருகிறவர்களுக்கெல்லாம் இலவச ஐஸ்கிரீம், ஒலிபெருக்கியில் பக்திப் பாட்டு. ராணி அக்கா வரிசையில் நின்று ஐஸ்கிரீம் வாங்கி வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். பாதி உருகியது.

பதில்கள்.

பாலா: “சிஸ்டரா?!” அதற்குக் கீழே: “சாரி. எனக்கு இப்படி ஒரு அட்ரஸ் இருக்கும்னே தெரியாது. பலகையை எடுத்துட்டேன். அவர்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணு கேக்குறேன், அப்ப எப்படித்தான் புடிக்கிறது?”

குகன் அண்ணா குரல் பதிவு அனுப்பியிருந்தார். முதல் முறையாக அவர் குரல். நினைத்ததை விட வயது குறைவு. பின்னால் குழந்தை ஒன்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, சண்டை முடிஞ்சு முகாமில இருக்கேக்க எங்கள் எல்லாருக்கும் ஒரு விலாசம்தான். என்ர பேரில வந்த கடிதம் வேற குகனுக்குப் போன கதையெல்லாம் இருக்கு. அதை மறந்துபோய் நானே விரல் போட்டிருக்கிறன் பாருங்கோ. பாலா, பிடிக்க வேண்டாம். பிடிக்கிறதுக்கு எங்களிட்ட ஆள் இல்லை, நேரமும் இல்லை. காசு தந்த ஆள் வந்து கேட்டா உதவி செய்வம். தராத ஆள் வந்து கேட்டாலும் உதவி செய்வம், எங்க எடுத்தனீங்கள் எண்டு ஒருக்கா மட்டும் கேப்பம். வெக்கம் வந்தா தருவினம். வராட்டி போகட்டும். பிழையா ஒராளைக் கள்ளன் எண்டு சொல்லுறதை விட அது பரவாயில்லை.”

மூன்று முறை கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது உணர்ந்திருப்பேனோ என்று இருந்தது.

தடை நீங்கிவிட்டது. இரண்டு சம்மதம்: குகன், நத்தை.

ஜூன் 11, புதன்

மேல் லயத்துக்குப் போனேன். படியெல்லாம் பாசி. செல்வம் அண்ணன் வாசலில் உட்கார்ந்து கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, சரியாயிருச்சு. தொறந்து பாருங்க. பேரையும் எடுத்துட்டாங்க. மன்னிப்புக் கேட்டாங்க.”

“அப்புடியா? நல்லது.” துடைத்துக்கொண்டே இருந்தார். “ஆனா அது இப்ப தேவையில்ல தங்கச்சி. டவுன்ல ஒண்ணு போட்டுக்கிட்டேன். கல்யாணத்துக்கு அதுலதான் ஓட்டுனேன். பசங்க நாலு பேருக்கும் அதையே போட்டுக் குடுத்துட்டேன்.”

“காசு கட்டி வாங்குனது வீணாப் போகுமே?”

“போகட்டும். காசு குடுத்து வாங்குனோம், கள்ளன்னான். இப்ப களவா வச்சிருக்கோம், ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. எது நிம்மதின்னு நீயே சொல்லு.”

அவர் மனைவி உள்ளே இருந்து, “அந்தப் புள்ளகிட்ட ஏன் சத்தம் போடுறீங்க, அது என்னா பண்ணும்?” என்றார்.

“நான் எங்க சத்தம் போட்டேன்?”

போடவில்லைதான். அது என்ன பண்ணும் என்ற கேள்விக்கு அங்கே பதில் சொல்லியிருக்கலாம். அவர் மனைவி கொடுத்த சாயத் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன். சீனி அதிகம்.

குகன் அண்ணாவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

திரும்ப மழை. ஆபீஸில் எனக்கு ஒரு கடிதம் கிடப்பதாகச் சொன்னார்கள். போனால் அது வேறு யோகேஸ்வரி.

அம்மாவுக்கு மருந்து வாங்கியாயிற்று. இரண்டு கைக்கும் பூசிவிட்டேன். எரிகிறதா என்றேன். “எரியத்தான் செய்யும்” என்றாள்.

விளக்கேற்றும் நேரத்தில் செல்வம் அண்ணன். திரும்ப உரப்பை.

“தங்கச்சி, ஒரு சின்ன ஒதவி. புள்ளைக்கு பேரு வைக்கிற வீடியோ. ‘ஸ்ரீ’ன்னு போட்டா கட்டம் கட்டமா விழுது. மத்த எழுத்தெல்லாம் நல்லா வருது.”

உடைத்தவர்கள் எழுத்துருவில் ஒரு பகுதியை விட்டுவிட்டிருக்கிறார்கள். பார்த்ததுமே தெரிந்தது.

“குழுவுல கேட்டா சொல்லுவாங்க அண்ணே.”

“அய்யோ, அங்க நான் போக மாட்டேன். மறுபடி கள்ளன்னுருவானுங்க. அமுக்குறதுக்குன்னே ஒருத்தன உக்கார வச்சிருக்கானுங்க போல. நீதான் இருக்கியே எனக்கு.”

அம்மா அடுப்படியில் இருந்தாள். கூரையில் மழைச் சத்தம். மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது என்று தோன்றியது. அதனால் சத்தமாகச் சொன்னேன்.

“அண்ணே, அமுக்குனது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்தார். பிறகு திரையில் விழுந்திருந்த கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரிஞ்சுதான் அமுக்குனியா?”

“ஆமா.”

எழுந்து போவார் என்று நினைத்தேன். லேப்டாப்பை மூடக் கை வைத்தார். மூடவில்லை.

“நாளைக்கு காலையில குடுக்கணும்” என்றார். லேப்டாப்பை என் பக்கமாகத் திருப்பினார்.